ஸ்டோர் ரூம் இல்லாத கட்டடம்

பாப்பாவின் அண்ணனுக்கு ஊரில் வைத்திருந்த பெயர் 'அடுத்த மாசம்'. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருடைய வண்டி வருவதைப் பார்த்ததும், "அடுத்த மாசம் வந்துட்டாரு, ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு" என்று டீக்கடையில் குரல் கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கட்டடம் கட்டுகிற மனிதர். அவர் கட்டின சுவர் விரிசல் விட்டதில்லை, அவர் போட்ட கூரை ஒழுகியதில்லை. சொன்ன தேதியில் முடிந்ததும் இல்லை. எப்போது சாவி தருவீர்கள் என்று கேட்டால் போதும், வாய் தானாகவே "அடுத்த மாசம்" என்று சொல்லிவிடும். பொய் சொல்கிற ஆளில்லை. சொல்கிற நேரத்தில் அதை முழுசாக நம்பித்தான் சொல்வார், அதுதான் கொடுமை.

அவர் கம்பெனிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அவர் கட்டின எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வராந்தாவை ஒட்டி வரிசையாக அறைகள் இருக்கும், வரிசையின் கடைசியில் ஒரு ஸ்டோர் ரூம் இருக்கும். வரைபடத்தில் அப்படி ஒன்றைத் தேடினால் கிடைக்காது. வரைபடத்தில் அதுவும் மற்ற அறைகளைப் போல ஒரு அறைதான். கட்டி முடித்த பிறகு பார்த்தால் கட்டில் போட்டால் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் கட்டில் கொள்ளாது. சரி, துடைப்பமும் வாளியும் வைக்க ஒரு இடம் வேண்டுமே என்று விட்டுவிடுவார்கள். இது எப்படி வந்தது என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பாப்பாவும் கேட்டதில்லை. பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை, நாற்பத்தொரு வயது. அண்ணனுக்கு ஒரே தங்கை. கடைக்குட்டியாகப் பிறந்த பாவத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சைட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் அவள் பாப்பாக்கா. கம்பெனியின் வரைபடங்களும் வேலை அட்டவணையும் அவள் கையில். சுவர்கள் அவள் கணவர் கையில். கொத்தனார்களுக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. ஆக ஒரு கட்டடம் தாமதமானால் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் சோறு இறங்காது. அண்ணி மட்டும் நிம்மதியாகச் சாப்பிடுவாள், அவளுக்கு ஸ்கூலில் டீச்சர் வேலை.

நர்சிங் கல்லூரிக்கு ஒரு விடுதி கட்டிக் கொடுத்தார்கள். பதினோரு மாதம் தாமதம். பாத்ரூம்தான் காலை வாரியது. ரெண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத இடத்தில் ஏழு பேருக்கு வேலை: கொத்தனார், குழாய்க்காரர், ஒயரிங்காரர், டைல்ஸ்காரர், கதவுக்காரர், பெயிண்டர், கடைசியில் வந்து கண்ணாடி மாட்டுகிறவர். ஒருத்தர் முடித்ததை அடுத்தவர் உடைப்பார். பதித்த டைல்ஸை உடைத்துக் குழாய், பூசின சுவரை உடைத்து ஒயர். அந்தப் பதினோரு மாதமும் அறுபது பெண்கள் சாப்பாட்டு ஹாலில் மேஜைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துத் தூங்கினார்கள். விடுதி வார்டன் அவர்களோடு அதே தரையில் தூங்கினார். அந்த அம்மா இதை மறக்கிற ரகம் இல்லை.

ஆனாலும் ரெண்டாவது விடுதியும் இவர்களுக்கே வந்தது. முதல் விடுதி ஒழுகவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கல்லூரி நிர்வாகம் கொடுத்தது. வார்டனுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. முதல் கூட்டத்தில் பாப்பா டேப்லட்டைத் திறந்து, இன்னும் கட்டாத கட்டடத்தை விரலால் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். நாலு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு அறை, நாற்பத்தெட்டு பாத்ரூம். ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு ஒயரும் அதற்குள் தெரிந்தது.

வார்டன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "படம் நல்லா இருக்கு. போன தடவையும் படம் நல்லாத்தான் இருந்துச்சு."

"இந்தத் தடவை ஒம்பது மாசத்துல முடிச்சிடுவோம் மேடம்" என்றாள் பாப்பா.

"காலேஜ் திறக்கிற அன்னைக்குக் காலையில பத்து மணிக்குப் பொண்ணுங்க பெட்டியோட வந்து நிப்பாங்க. கட்டடம் ரெடியா இல்லைன்னா அத்தனை பேரையும் பஸ்ல ஏத்திட்டு வந்து உங்க வீட்டு வாசல்ல இறக்கிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல. இன்னொண்ணு, எனக்கு நாப்பத்தெட்டு ரூம் வேணும். போன தடவை மாடிக்கு ஒரு ரூம் எங்க போச்சுன்னே தெரியல."

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா, இது உன் கணக்குலயே நடக்கட்டும். நான் குறுக்க வரமாட்டேன். ஆனா இதுவும் தேதி தப்புச்சுன்னா கம்பெனிய இழுத்து மூடிடுறேன். எனக்கு இனிமே யார் முகத்துலயும் முழிக்கத் தெம்பு இல்ல." கோபமாகச் சொல்லியிருந்தால் பாப்பா பதிலுக்குப் பேசியிருப்பாள். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அவள் கணக்கு இதுதான். கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிவிடுவது. எங்கே குழாயும் ஒயரும் ஒன்றையொன்று இடிக்கிறதோ அங்கேயே தீர்த்துவிட்டுத்தான் வெளியே மண்வெட்டியைத் தொடுவது. முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இடித்தது. குழாய்க்காரரையும் ஒயரிங்காரரையும் ஆபீசில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். ரெண்டு பேரும் பத்து வருஷமாக ஒருத்தர் வேலையை ஒருத்தர் உடைத்தவர்கள், உட்கார்ந்து பேசினது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் குழாய்க்காரர், "அக்கா, கம்ப்யூட்டருக்குள்ள உடைச்சா குப்பை அள்ள வேண்டாம், அது ஒண்ணு நல்லாருக்கு" என்றார்.

அடுத்தது பாத்ரூம். சைட்டில் ஒரு பாத்ரூம்கூடக் கட்டப்போவதில்லை. தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து, டைல்ஸ், குழாய், கண்ணாடி, பல்பு, டவல் மாட்டுகிற கம்பி வரைக்கும் உள்ளேயே பொருத்தி, லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கிரேன் தூக்கும், அறையின் திறந்த பக்கம் வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் வெளிச்சுவரை மூடிவிடலாம். நாற்பத்தெட்டும் ஒரே அளவு. இதைக் கேட்டு மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்ரூம் லாரியில வருதாம்ல! அப்புறம் என்ன, சமையல்கட்டு சைக்கிள்ல வருமா?"

"சிரிங்க சிரிங்க" என்றாள் பாப்பா. "பெட்டி உள்ள போகணும்னா சுவர் சொன்ன இடத்துல இருக்கணும். அது உங்க பொறுப்பு."

"என் சுவர்ல கை வெச்சுப் பாரு, தூக்குக்குண்டுக்கே பாடம் எடுக்கும்" என்றார் அவர். அது உண்மைதான். அவர் சுவர் ஒரு மயிரிழை சாயாது. அந்தத் திமிர் அவருக்குக் கொஞ்சம் உண்டு, அது அவளுக்குப் பிடிக்கவும் செய்யும்.

அஞ்சாவது மாதத்துக்குள் தூண்களும் தளங்களும் எழும்பிவிட்டன. படிக்கட்டுச் சுவரும் முடிந்தது. தரைத்தளத்தில் அறைகளுக்கு நடுவே தடுப்புச் சுவர் வைக்கிற வேலை ஆரம்பித்து மூன்றாம் நாள் பாப்பா ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தாள். மூன்று காலில் நின்று, தலையை மட்டும் மெதுவாகத் திருப்பி, சுற்றியுள்ள எல்லாவற்றையும் லேசர் ஒளியால் அளந்துவிடும். அளந்ததைக் கம்ப்யூட்டரில் இருக்கிற கட்டடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், சரியாக இருக்கிற இடம் பச்சையாகத் தெரியும், விலகிய இடம் சிவப்பாகத் தெரியும். அது நிற்கிற நிலையையும் கழுத்தைத் திருப்புகிற தினுசையும் பார்த்து சைட்டில் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சுவர்கள் அப்போது அஞ்சு வரிசைக் கல் ஏறி இடுப்பு உயரத்தில் நின்றன. கொக்கு காலையில் ரெண்டு மணி நேரம் தலையைத் திருப்பியது. மதியம் தகரக் கொட்டகை ஆபீசில் எல்லோரும் கூடி நிற்க, பாப்பா திரையைத் திருப்பிக் காட்டினாள். முதல் சுவர் வெளிறின பச்சை. ரெண்டாவது மஞ்சள். அஞ்சாவது ஆரஞ்சு. பதினோராவது சுவர் ரத்தச் சிவப்பு. கடைசி அறை, அதாவது பதினோராவது சுவருக்கும் படிக்கட்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற அறை, கிட்டத்தட்ட ஒரு சாண் குறைச்சல். பெட்டி அதில் போகாது.

அண்ணன் வெளியே போய் டேப்பைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு வந்தார். குறைச்சல்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"கம்ப்யூட்டர் படிக்கட்டைத் தப்பான இடத்துல போட்டுருக்கு" என்றார்.

"படிக்கட்டு பச்சையா இருக்கு அண்ணே, பாருங்க."

"அப்ப இந்தக் கொக்கு தப்பு. மாப்ள வெச்ச சுவரு ஒரு நாளும் தப்பாது. என்ன மாப்ள?"

மேஸ்திரி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒயரிங்காரர் தொண்டையைச் செருமினார்.

"சரி விடு" என்றார் அண்ணன். "கடைசி ரூம்தானே, ஸ்டோர் ரூம் ஆக்கிடலாம். பெட்டியே வேணாம், எல்லா ரூமுக்கும் நாம பழையபடி செங்கல்லுலயே பாத்ரூம் கட்டிக்கலாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தொழிற்சாலைக்குச் சொல்லிடு. அவங்க இன்னும் அச்சு போடலைல்ல?"

குறுக்கே வரமாட்டேன் என்று சொன்ன மனிதர்தான் இவர். பயந்துபோனால் அண்ணன் எப்போதும் தெரிந்த வழிக்கே ஓடுவார், அந்த வழி பதினோரு மாதத்துக்குக் கொண்டுபோய் விட்டது என்பது அப்போது நினைவுக்கு வராது. பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில பேசலாம் அண்ணே" என்றாள். இருந்தது அந்த ஒரு ராத்திரிதான்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுப் புடவை எடுக்க பீரோவைத் திறந்தாள். அது மரப் பீரோ, கல்யாணமான புதிதில் அவள் கணவரே ஆசையாகச் செய்துகொடுத்தது. கதவு எப்போதும்போல ஆடிக்கொண்டு வந்து திறந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அடைக்க அவள் மடித்துச் சொருகிவைத்திருந்த அட்டை கீழே விழுந்தது. பதினெட்டு வருஷமாக அந்த அட்டை விழுகிறது, அவள் எடுத்துத் திரும்பச் சொருகுகிறாள். இன்றைக்குக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சமையலறைக்குப் போனாள். அலமாரித் தட்டு, அதிலும் ஓரத்தில் அட்டை. ஜன்னல் சட்டத்தில் மடித்த காகிதம். எல்லாம் அவர் செய்தது, எல்லாம் ஒரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம், பெரிசு. பதினோரு சுவர், பதினோரு விரக்கடை. கூட்டிப் பார்க்கக் கம்ப்யூட்டர் எதற்கு?

மேஸ்திரி கூடத்தில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் அந்த அட்டையை அவர் மடியில் போட்டாள்.

"நீங்கதானா?"

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நூல் பிடிச்சு அளக்கும்போது ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு விரக்கடை கூட்டி வைப்பேன். பூச்சுக்காரன் தடிமனா பூசிடுவான், ரூம் சின்னதாயிடும். அதுக்காக. இருபத்திரண்டு வருஷமா வைக்கிறேன், ஒருத்தன் குறை சொன்னதில்ல."

"இந்தச் சுவத்துக்குப் பூச்சே கிடையாதுங்க. வழவழன்னு இருக்கிற கல்லு, மேல ஒரு தகடு மாதிரி பூசினாப் போதும்னு நான்தானே சொன்னேன்."

"சொன்ன. கை கேக்கலையே."

"அந்த விரக்கடைய யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா வேணாம்பாங்க."

"முன்ன பூச்சு தின்னுடுச்சு, ரூம் அளவு வெளியில தெரியல. ஆனா சுவரு நகர்ந்தது நகர்ந்ததுதானே? முதல் சுவத்துலேர்ந்து ரெண்டாவது, ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுன்னு ஒண்ண வெச்சு ஒண்ண அளந்தா, வரிசை முழுக்க சேர்ந்து கடைசி ரூம்தானே மாட்டிக்கும்?" பாப்பா அவர் எதிரில் உட்கார்ந்தாள். "ஏங்க, நாம கட்டின எல்லாக் கட்டடத்துலயும் கடைசியில என்ன இருக்கு?"

கண்ணெதிரே ஒவ்வொரு கட்டடமாக வந்துபோனதை அவர் முகமே சொல்லியது. ஸ்கூல் கட்டடம், வக்கீல் ஆபீஸ், முதல் விடுதியின் நாலு மாடி. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர் ரெண்டு கை முடிந்ததும் நிறுத்திவிட்டார். இருபத்துச் சொச்சம் ஸ்டோர் ரூம். அத்தனையும் அவர் பெற்ற பிள்ளைகள்.

பாப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "காலையில அண்ணன்கிட்ட நான் சொல்லமாட்டேன்" என்றாள். "மெஷின் தப்புன்னு அண்ணன் சொல்லிட்டாரு. தப்பு மெஷின் மேல இல்லைன்னு நீங்க சொன்னாத்தான் அவர் நம்புவாரு. இல்லைன்னா அந்தப் பெட்டியெல்லாம் ரத்து, நம்ம கம்பெனியும் ரத்து. உங்க இஷ்டம்."

அவர் எழுந்து போய்ப் பீரோ கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் அவள் சைட்டுக்குப் போகும்போது அவர் முன்னமே போயிருந்தார். கையில் கடப்பாறை. அவர் ஆட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி, "என்ன மாப்ள இது?" என்றார்.

மேஸ்திரி கடப்பாறையைச் சுவரில் சாய்த்தார். எல்லோரும் பார்க்க ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். "மச்சான், கொக்கு சொன்னது சரி. கம்ப்யூட்டர் சொன்னதும் சரி. இந்த விரல்தான் தப்பு. ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு விரக்கடை கூட்டி வெச்சேன், யாருக்கும் தெரியாம. இத்தனை வருஷமா உங்க ரூம எல்லாம் சுருட்டிக்கிட்டுப் போனது நான்தான்."

அண்ணன் அந்த விரலைப் பார்த்தார், கடைசி அறையைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பாப்பா பக்கத்தில் ஓடினாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வக்கீல் என்னை மூணு வருஷம் திட்டினாரு மாப்ள! மூணு வருஷம்!"

அந்தச் சிரிப்பில் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. குழாய்க்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். மேஸ்திரி சுவரை எங்கே வைப்பார் என்று நம்பிக்கை இல்லாததால் அவர் எப்போதும் ஒரு முழம் குழாய் கூடுதலாக வெட்டுவாராம், மிச்சத்தைச் சுவருக்குள்ளேயே மடக்கி ஒளித்துவிடுவாராம். ஒயரிங்காரர் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் ரெண்டு ஓட்டை போடுவாராம், ஒன்று வரைபடத்துக்கு, ஒன்று நிஜத்துக்கு. கதவுக்காரர் நிலையை அரை விரல் பெரிதாகச் செய்வாராம், ஏனென்றால் மேஸ்திரி ஒரு விரல் பெரிதாக விடுவார் என்று அவருக்கு மட்டும் எப்படியோ தெரியும். ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு நம்பிக்கை இல்லாமல் ஆளுக்கொரு விரலை ஒளித்துவைத்துக்கொண்டு ஒரே கட்டடத்தை இத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள். அது நின்றதே பெரிசு என்று பாப்பாவுக்குத் தோன்றியது.

அவள் டேப்லட்டைத் திறந்து, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "யாருக்கு எங்க எவ்வளவு இடைவெளி வேணும்? வெக்கப்படாம சொல்லுங்க. இதுக்குள்ள போட்டுடுறேன். எல்லார் போனுக்கும் வந்துடும். இதுல இருக்கிறது மட்டும்தான் இடைவெளி. பைக்குள்ள, கைக்குள்ள இருக்கிறதெல்லாம் இன்னையோட முடிஞ்சுது."

மேஸ்திரிக்கு ஒரு விரக்கடை கேட்டுக் கொடுத்தாள். பெட்டியின் ரெண்டு பக்கமும் பாதிப் பாதியாக. இனி ஒரு சுவரை வைத்து அடுத்த சுவரை அளக்கக் கூடாது, எல்லாவற்றையும் படிக்கட்டுச் சுவரிலிருந்தே அளக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அட்டவணையைத் திறந்து பார்த்தாள். பதினோரு சுவரையும் பிரித்துத் திரும்ப வைக்க நாலு நாள் ஆகும். முதல் பெட்டி வர ஏழு வாரம் இருந்தது. முன்பெல்லாம் இந்தத் தப்பு பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் தெரியவரும். இப்போது இடுப்பு உயரத்திலேயே மாட்டிக்கொண்டது.

முதல் கல்லை மேஸ்திரியே பெயர்த்தார். நாலு நாள் என்று சொன்னதை மூன்றரை நாளில் முடித்தார்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. புதுசாக ஒரு வழிக்கு மாறினவர்களின் தொல்லை இருக்கிறதே, சொல்லி மாளாது. சாயங்காலம் ஆனால் கொக்கின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "பச்சையா? முழுப் பச்சையா? அங்க லேசா மஞ்சள் அடிக்குதே?" என்று பாப்பாவைக் குடைந்து எடுத்துவிடுவார். ஒயரிங்காரர் ரெண்டாவது ஓட்டைக்குக் குறி வைத்ததைப் பார்த்துவிட்டு, "போன்ல இருக்கா அது? இல்லைல்ல? அழி" என்று கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். கொத்தனார்களிடம் அவர், "நேத்து நாலாவது சுவரு முழுசாப் பச்சை" என்று சொன்ன தோரணையைப் பார்த்தால், பிள்ளை பரீட்சையில் முதல் வந்ததைச் சொல்வதாகத்தான் தோன்றும்.

பெட்டிகள் வந்த நாள் தெருவே கூடிவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஸ்டிக்கர், போனைக் காட்டினால் எந்த மாடி, எந்த அறை, எந்த மணிக்கு என்று சொல்லும். கிரேன்காரர் முதல் பெட்டியைத் தூக்கி, முதல் அறையின் வாயில் நிறுத்தினார். மேஸ்திரி ஒரு பக்கம், குழாய்க்காரர் ஒரு பக்கம் கையால் வழிகாட்ட, பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இடித்த சத்தம் இல்லை, உரசின சத்தம்கூட இல்லை. குழாய்க்காரர் உள்ளே புகுந்து நாலு இணைப்பை முடுக்கினார். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. வேலை ஆரம்பித்து நாற்பது நிமிஷம்.

"இவ்வளவுதானா?" என்றார் அண்ணன். அவருக்கு நம்ப முடியவில்லை. முதல் விடுதியில் ஒரு பாத்ரூமுக்கு நாற்பது நாள் ஆனது.

ஆறு நாளில் நாற்பத்தேழு பெட்டி உள்ளே போய்விட்டன. நாற்பத்தெட்டாவது பெட்டியைத் தரைத்தளத்தின் கடைசி அறைக்கென்று பாப்பா வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தாள். அன்றைக்குக் கிரேன் பெட்டியைத் தூக்கினபோது எல்லோரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பெட்டி மெதுவாக உள்ளே போய் நின்றது. மேஸ்திரி குனிந்து, ஒரு பக்க இடைவெளியில் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார். விரல் பாதிதான் நுழைந்தது. மறுபக்கம் போய் வைத்தார். அங்கேயும் பாதி. நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார். அத்தனை பேருக்கு முன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தூசி" என்றார்.

"ஆமா ஆமா, தூசிதான்" என்றாள் பாப்பா. அவளுக்கும் அதே தூசி விழுந்திருந்தது. குழாய்க்காரர் விசில் அடித்தார், கொத்தனார்கள் கரண்டியால் வாளியைத் தட்டினார்கள், கிரேன்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தெரு அதிர்ந்தது. பாப்பா அப்படிச் சிரித்து அண்ணன் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

கல்லூரி திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் வார்டனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"மேடம், கட்டடம் விஷயமா..."

"தெரியும். அடுத்த மாசமா?"

"இல்ல மேடம். இப்ப. வந்து சாவிய வாங்கிக்குங்க."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அண்ணன் ரெண்டு தடவை ஹலோ சொன்னார்.

வார்டன் ஒரு மணி நேரத்தில் வந்தார். கையில் டேப் கொண்டுவந்திருந்தார், நம்பிக்கை என்றால் அப்படி. வாசலில் நின்ற யாரையும் பார்க்கவில்லை. மாடிக்கும் போகவில்லை. தரைத்தள வராந்தாவில் விடுவிடுவென்று நடந்து நேராகக் கடைசிக் கதவுக்குப் போனார். கட்டில் போட்டிருந்தது. கதவைத் திறந்தார், மூடினார், முழுசாகத் திறந்தார். கட்டிலில் இடிக்கவில்லை. டேப்பை விரித்து ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு அளந்தார். நேராகப் போய் முதல் அறையை அளந்துவிட்டுத் திரும்பி வந்து இதை இன்னொரு தடவை அளந்தார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்தார், விளக்கைப் போட்டார், கண்ணாடியில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

வெளியே வந்தபோது அந்த அம்மாவின் குரல் பழைய குரலாக இல்லை. "பதினோரு மாசம் தரையில படுத்தேன்" என்றார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு அதட்டினார்: "ஸ்டோர் ரூம் எங்க?"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கட்ட மறந்துட்டோம் மேடம்" என்றார் மேஸ்திரி.

வார்டன் சிரித்ததை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள். சிரித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "துடைப்பத்த என் ரூம்லயே வெச்சுக்கறேன், போங்க. மூணாவது விடுதி ஒண்ணு கட்டணும்னு நிர்வாகத்துல பேசிட்டு இருக்காங்க. நீங்களே கட்டணும்னு நான் சொல்லப்போறேன். எப்ப ஆரம்பிக்க முடியும்?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவர் வாய் தானாகவே திறந்தது. வார்டன் புருவத்தைத் தூக்கினார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் திறந்த வாயை அப்படியே மூடி, தங்கையின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ சொல்லும்மா. கம்பெனி உன்னுது."

பாப்பா டேப்லட்டைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"வர்ற பதினேழாம் தேதி மேடம். காலையில எட்டரை மணிக்கு."